விடுமுறையில் மட்டும் சரியாக நடந்த விண்கல்

லூன் என்ற கணினி மொழியில் எண்களை அச்சிடும் பகுதி எம்மெட் கோவல்சக்கின் பொறுப்பில் இருந்தது. அவர் கேட்டு வாங்கியதல்ல. பதினொரு வருடங்களுக்கு முன், வேலைகளைப் பங்கு போட்ட கூட்டத்தில் காபி எடுத்து வர எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் பலகையில் அவர் பெயருக்கு நேரே எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கையோடு பிளாஸ்க் கொண்டுபோகிறார்.

சம்பளம் கிடையாது. பகலில் வின்னிபெக்கில் ஒரு தானியக் கம்பெனியில் வேலை; லூன், மிச்ச நேரத்தில். அந்த மொழியோடு சேர்ந்தே வரும் நூலகத்தை உலகம் முழுக்கச் சில ஆயிரம் பேர் தினமும் பயன்படுத்தினார்கள். அவர்களில் ஒருவர்கூட எண் சரியாக அச்சாகிறது என்று பாராட்டிக் கடிதம் போட்டதில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது என்று யார் நகராட்சிக்கு நன்றி எழுதுகிறார்கள்?

"ஒரு நம்பரை அச்சடிக்கிறதுல என்னடா இருக்கு?" என்று அவருடைய அண்ணன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் கேட்பார். இருக்கிறது. கம்ப்யூட்டர் எண்ணை இரண்டு இரண்டாக அடுக்கி வைத்திருக்கிறது, நாம் பத்துப் பத்தாகப் படிக்கிறோம். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். லூனில் எண்கள் இரண்டு வகை. சாதாரண எண்ணில் பதினாறு இலக்கம் வரை நம்பலாம். நெடிய எண் என்று இன்னொன்று உண்டு; அது பத்தொன்பது வரை தாங்கும். அந்த மூன்று இலக்கத்துக்காக உயிரை விடுகிறவர்கள் உலகில் மிகக் கொஞ்சம் பேர். அவர்களுக்காக எம்மெட் கையேட்டில் ஒரு வாக்குறுதி எழுதிவைத்திருந்தார்: "எழுதிய எண்ணைத் திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்கும். ஒரு பிட்கூட மாறாது." அந்த வரி அவருக்கு மிகவும் பிடிக்கும். சில சமயம் சும்மாவே போய்ப் படித்துவிட்டு வருவார்.

வாக்குறுதிக்குக் காவலாக ஒரு சோதனையும் இருந்தது. நாலாயிரம் நெடிய எண்களை எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டுப் பார்க்கும். பதினொரு வருடமாக ஒரு நாளும் தோற்றதில்லை.

புகார்ப் பக்கம் வேறு ரகம். வாரத்துக்கு ஒருவராவது வந்து, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது, உங்கள் மொழிக்குக் கூட்டல்கூடத் தெரியவில்லையே என்று சிரிப்பார். பத்தில் ஒரு பங்கு இரண்டின் அடுக்கில் முழுசாக உட்காராது, எல்லா மொழியிலும் இதுதான் கதை என்று எம்மெட் முதல் ஐம்பது பேருக்கு உருகி உருகி எழுதினார். ஐம்பத்தோராவது ஆளுக்கு ஒரு தயார்ப் பதில் செய்துகொண்டார். அப்படி ஏழு பதில்கள் வரிசை எண்ணோடு இருந்தன. இது நான்காம் பதில். ஒரு பொத்தானை அழுத்தினால் பதிலும் போகும், புகாரும் மூடிக்கொள்ளும். 'தசமம்', 'கடைசி இலக்கம்', 'மாறுகிறது' என்ற மூன்று சொற்கள் ஒரே புகாரில் கண்ணில் பட்டால் போதும், மூளை வேலையை நிறுத்திவிடும், விரல் பொத்தானுக்குப் போய்விடும்.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை, அலுவலகச் சாப்பாட்டு மேசையில் பெரோகிக் கொழுக்கட்டைகளைப் புளித்த கிரீமில் முக்கிக்கொண்டிருந்தபோது விரல் அப்படித்தான் போனது. ஆனால் இந்தப் புகார் அவர் பெயரைச் சொல்லித் தொடங்கியது.

"திரு. கோவல்சக், உங்கள் பதில் கிடைத்தது. இரண்டு முறையும் ஒரே பதில் என்பதால் மனப்பாடமே ஆகிவிட்டது. உச்சியில் 'பதில் 4' என்று இருப்பதை அடுத்த முறை எடுத்துவிடுங்கள். அதில் உள்ள பாடத்தை நான் மார்டன் ஊர்ப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு நடத்துகிறேன். என் கேள்வி அது இல்லை."

எழுதியவர் வெர்னா ஸ்டாபி, இயற்பியல் ஆசிரியை. ஆறு வருடமாக இரண்டு சின்ன விண்கற்களின் பாதையைக் காலத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டு வந்தார், ஒரு காலத்தில் அவை ஒரே கல்லாக இருந்தனவா என்று பார்க்க. கணக்கு, பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில். அதைச் சாயங்காலம் நாலு மணிக்கு அணைத்தாக வேண்டும் என்பது பள்ளி விதி. அதனால் நாலு மணிக்குக் கற்கள் இருக்கும் இடத்தை ஒரு கோப்பில் எழுதிவைப்பார். மறுநாள் காலையில் அதைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பதினெட்டாயிரம் வருடங்களுக்கு முன் இரண்டும் ஒரே கல் என்று கணக்கு சொன்னது. அதைச் சொல்ல மே மாதம் சஸ்கட்டூன் நகரில் நடக்கும் வானியல் மாநாட்டில் இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். பிறகு ஓர் ஆராய்ச்சி நிலையம் அதே கற்களைக் கணக்கிட்டு, அவை ஒருநாளும் ஒட்டியிருந்ததே இல்லை என்றது.

"கணக்கில் பிழை இருப்பதாக ஒப்புக்கொண்டு, திங்கட்கிழமைக்குள் வாபஸ் வாங்கும்படி மாநாட்டுக்காரர்கள் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். வாபஸ் வாங்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் பிழை என்னுடையது என்று கையெழுத்துப் போட வேண்டும். என்னுடையதுதானா? கோடை விடுமுறையில் அந்தக் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மாதம் நிறுத்தாமல் ஓட்டுவேன். ஒரே இடத்திலிருந்து கிளம்பினால், விடுமுறை நாட்களில் என் கணக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கும் அச்சாக ஒத்துப்போகின்றன. பள்ளி நாட்களில் விலகுகின்றன. என் விண்கல் பள்ளிக்கூடக் காலண்டரைப் பார்த்து நடக்கிறது. இயற்பியலில் இதற்கு இடமில்லை."

கீழே ஒரு பட்டியல். சாயங்காலம் எழுதுவதற்கு முன்னும், காலையில் படித்த பின்னும், எண் கம்ப்யூட்டருக்குள் எப்படி இருந்தது என்று ஒன்றும் பூஜ்ஜியமுமாகவே கொடுத்திருந்தார். தொள்ளாயிரத்துச் சொச்சம் காலைகள். ஒவ்வொரு காலையிலும் எண்ணின் கடைசிப் பதினொரு இடமும் பூஜ்ஜியம்.

எம்மெட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். நெடிய எண்ணுக்கு உள்ளே அறுபத்து நாலு இடம். சாதாரண எண்ணுக்கு ஐம்பத்து மூன்று. கழித்துப் பார்க்க அவருக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

உடனே சோதனையை ஓட்டினார். நாலாயிரமும் தேறின. நாலு நிமிடம் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியில் இரண்டு கொழுக்கட்டைகூட உள்ளே போயின. மூன்றாவதை எடுக்கும்போதுதான் உறைத்தது: அந்த நாலாயிரம் எண்களையும் சோதனைக்குள் தசமமாகத் தட்டெழுதி வைத்தவர் அவரே. அவற்றைப் படித்து உள்ளே கொண்டுபோவதும் அவர் எழுதிய அதே பகுதிதான். அந்தப் பகுதி வாசலிலேயே பதினொரு இடத்தை வெட்டிவிட்டு உள்ளே விட்டால், அதற்குப் பிறகு எழுதினாலும் படித்தாலும் இழக்க என்ன மிச்சம் இருக்கிறது? பிடரி வரை மொட்டை அடித்துக் கூட்டி வந்துவிட்டு, ஒரு முடிகூட உதிரவில்லை என்று பதினொரு வருடம் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

நிரலைத் திறந்தார். நெடிய எண்ணை எழுதும் இடத்திலும் படிக்கும் இடத்திலும் ஒரே குறிப்பு: "இப்போதைக்குச் சாதாரண எண்ணாக மாற்றிச் சமாளிக்கிறேன். அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்ய வேண்டும். எ.கோ." அந்த அடுத்த வாரம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வெளியே மைனஸ் முப்பத்து நாலு. வீட்டைச் சூடாக்கும் உலை நின்றுவிட்டது. உலை சரியாகி, குழாய் வெடித்து, குழாய் சரியாகி, அவர் தும்மி முடிப்பதற்குள் நிரல் ஊருக்குள் போய்விட்டிருந்தது. அடுத்த வாரம் மட்டும் வரவே இல்லை.

பழைய புகார்களைப் புரட்டினார். நான்காம் பதில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை போயிருந்தது. பெரும்பாலும் அந்தப் பூஜ்ஜியம் புள்ளி மூன்றுக்காரர்கள். ஆனால் வெர்னாவைத் தவிர இன்னும் மூன்று பேர் இதையே சொல்லியிருந்தார்கள். பதில் வாங்கிக்கொண்டு, தங்கள் தலையில்தான் கோளாறு என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, விட்டுப்போன அந்த அடுத்த வார வேலையைச் செய்தார். கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் போடும் நெடும் பெருக்கல்தான், எண்தான் பெரியது. புதிய சோதனையில் தசமத்தைத் தட்டெழுதவில்லை. ஒன்றையும் பூஜ்ஜியத்தையும் குலுக்கிப்போட்டு எண்களை நேரே உள்ளே செய்தார். பழைய நிரல் அதில் ஆயிரத்துக்கு ஆயிரம் தோற்றது. புதியது தேறியது.

லூனில் எதை மாற்றினாலும் இன்னொருவர் ஒப்புதல் வேண்டும். புதிய பதிப்பு புதன்கிழமை வெளிவரவிருந்தது. அதன் பொறுப்பாளர் மார்கரீத் லாஜிமோதியேர். சனிக்கிழமை காலையில் இருவரும் ஒரே அணியில் கர்லிங் ஆடுவார்கள். மார்கரீத் பனித்தரையில் மண்டியிட்டுக் கல்லை வழுக்கிவிட்டாள். எம்மெட் துடைப்பத்தோடு அதற்கு முன்னால் பாதையைத் தேய்த்துக்கொண்டே ஓட வேண்டும். ஓடினார். தேய்க்க மறந்துவிட்டார்.

"யோவ், தேய்யா!" என்று கத்தினாள் மார்கரீத். கல் பாதியிலேயே நின்றது. "என்னய்யா, கல்லுக்கு வழித்துணையாவா போறே?"

ஆட்டம் முடிந்து, மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மார்கரீத் சூப்பைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"பதினொரு வருஷமா?"

"பதினொரு வருஷமா."

"வேற மூணு கம்ப்யூட்டர் மொழிக்காரங்க நம்ம நிரலைப் பார்த்துக் காப்பியடிச்சாங்களே, அவங்களுக்கும் இதேதானா?"

"அவங்க என் குறிப்பையும் சேர்த்தே காப்பியடிச்சிருக்காங்க. அடுத்த வாரம் சரிசெய்யணும்னு அங்கேயும் இருக்கு."

மார்கரீத் சிரித்துப் புரையேறிப் போனாள். பிறகு முகம் மாறியது. "திருத்தம் சரி. எவ்வளவு மெதுவு?"

"நூறு மடங்கு."

"அடப்பாவி."

"ஆனா சரியா ஓடுது."

"கேளு எம்மெட். புதன்கிழமை பதிப்பு. இப்ப இதை உள்ள விட்டா நெடிய எண் அச்சடிக்கிற ஒவ்வொருத்தன் கோப்பும் மாறும். பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனை எல்லாம் உடையும். போன தடவை ஒரு காற்புள்ளி மாறினதுக்கு எனக்கு முந்நூறு வசவு வந்துச்சு, அதுல பாதி எங்கம்மாவைப் பத்தி. அடுத்த பதிப்புல, ஜூன்ல, சத்தமில்லாம விடுவோம். 'நெடிய எண்களின் துல்லியம் மேம்படுத்தப்பட்டது'ன்னு ஒரு வரி. யாருக்கும் வலிக்காது."

எம்மெட்டுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. மேம்படுத்தப்பட்டது! என்ன அழகான சொல். ஏற்கனவே நன்றாக இருந்ததை இன்னும் நன்றாக்கியது போல. அதில் உலையும் இல்லை, எ.கோ.வும் இல்லை.

"அந்த டீச்சருக்குத் திங்கக்கிழமை கெடு, மார்கரீத். மேம்பட்டதுன்னு சொன்னா, முன்னாடி தப்பு இல்லைன்னு ஆகுது. அப்ப தப்பு அவங்களுது. கையெழுத்துப் போட்டுடுவாங்க."

"நீ தனியா ஒரு கடிதம் எழுதிக் குடு."

"நான் யாரு? காபி எடுக்கப் போன ஆளு. நூலகம் சொல்லணும். பதிப்போட வரணும்."

மார்கரீத், யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லி, துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வருவதாக வெர்னாவுக்கு ஒரு வரி எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எம்மெட் மார்டனுக்கு வண்டியோட்டினார். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் திருத்தத்தை அந்த அம்மாளின் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டார். ஒன்றரை மணி நேரமும் வயல்களின் மேலாகப் பனி குறுக்கே ஊர்ந்துகொண்டிருந்தது. மன்னிப்புப் பேச்சை நாலு விதமாகப் பேசிப் பார்த்தார். நாலிலும் உலை வந்தது. உலையை எடுத்துவிட்டால் பேச்சில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கதவைத் திறந்தவர் வெர்னாவின் கணவர் ஏப். ஆறரை அடி உயரம். எம்மெட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"வெர்னா! நாலாம் பதில் வந்திருக்கார்!"

"உள்ள விடுங்க, ஏப். குளிர்ல நிக்க வெச்சுக் கிண்டல் பண்ணாதீங்க."

சாப்பாட்டு மேசையில் ஃபாஸ்பா என்ற ஞாயிற்றுக்கிழமைச் சிற்றுண்டி விரித்திருந்தது: ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய பன், பாலாடைக்கட்டி, பிளம் ஜாம், காபி. மேசையின் மறுகோடியில், அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர், விசிறி இரைந்துகொண்டு. வெர்னாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். எம்மெட் உட்காரவில்லை.

"தப்பு என்னோடது" என்றார். நாலு பேச்சில் எதுவும் வாயில் வரவில்லை. "ரெண்டு தடவை நீங்க எழுதினதை நான் படிக்கவே இல்ல. உங்க கணக்குல பிழை இல்ல. தினம் சாயங்காலம் நீங்க குடுத்த எண்ணை நாங்கதான் வெட்டினோம்."

வெர்னா கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.  பிறகு, "உக்காருங்க. முதல்ல பார்த்துடலாம்" என்றார்.

திருத்திய நூலகத்தை ஏற்றினார்கள். வெர்னா ஒரு நெடிய எண்ணை எழுதவைத்தார். இருபத்தோரு இலக்கம் வந்தது, ஒரு பிட்கூட மாறாமல் திரும்பப் படிக்கக் கூடுதலாக இரண்டு. அத்தோடு விடவில்லை, எழுந்து போய்ச் சுவரிலிருந்து மின்கம்பியையே பிடுங்கினார். விசிறி நின்றது.

"அவ்வளவு வேண்டாமே..." என்றார் எம்மெட்.

"எங்க ஸ்கூல்ல நாலு மணின்னா இப்படித்தான்."

மறுபடி செருகி, திறந்து, கோப்பைப் படித்து, அந்த அறுபத்து நாலு இடங்களையும் விரல் வைத்து ஒன்றொன்றாக ஒப்பிட்டார். ஏப் வெண்ணெய்க் கத்தியைப் பிடித்தபடியே நின்றார். கடைசி இடத்துக்கு வந்ததும் வெர்னா பென்சிலை எடுத்துக் காகிதத்தில் ஒரு சரிக்குறி போட்டார். மார்க் போடும் சரிக்குறி, வால் நீண்டது.

அப்போதுதான் எம்மெட்டின் கைபேசி அடித்தது. மார்கரீத். எம்மெட் ஒலிபெருக்கியில் போட்டு, டீச்சர் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"வணக்கம், டீச்சர். நான்தான் இந்தப் பதிப்புக்குப் பொறுப்பு. மனசறிஞ்சு சொல்றேன், உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா புதன்கிழமை இதை விட்டா எத்தனையோ பேர் கோப்பு மாறும். இத்தனை வருஷமா வந்த விடை வேற, இனி வர்ற விடை வேற. அவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"என் வகுப்புல முப்பது பேரும் ஒரே தப்பு விடை எழுதினா," என்றார் வெர்னா, "முப்பது பேருக்கும் பழகிப்போச்சுன்னு நான் மார்க் போடலாமா?"

மறுமுனையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"தப்பை நான்தான் சொல்லிக்குடுத்திருந்தா, போய் அதையும் சொல்லணும்" என்றார் வெர்னா. "அது இன்னும் கஷ்டம். ரெண்டு தடவை செஞ்சிருக்கேன். பசங்க ஒரு வாரம் சிரிச்சாங்க. அதுக்கு மேல ஒண்ணும் ஆகல."

"என்னைத் திட்டுறவங்க பசங்க இல்லையே, டீச்சர்" என்றாள் மார்கரீத். ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி. எம்மெட், அறிவிப்பு எழுதிட்டியா?"

எழுதி லேப்டாப்பில் வைத்திருந்தார். ஜாம் புட்டியைத் தள்ளிவிட்டுப் படித்தார்: "நெடிய எண்களை எழுதுவதிலும் படிப்பதிலும் இந்த நூலகம் பதினொரு ஆண்டுகளாகத் தவறு செய்துவந்தது. எழுதிவைத்துத் திரும்பப் படித்த எந்தக் கணக்கையும் மீண்டும் போட வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் மார்டன் வெர்னா ஸ்டாபி. அவர் மூன்று முறை தெரிவித்தார். மூன்று முறையும் படிக்காமல் மூடியவன் நான். எம்மெட் கோவல்சக்."

"ரெண்டு" என்றாள் மார்கரீத்.

"என்ன?"

"ரெண்டு முறைதான் மூடினே. மூணாவதைப் படிச்சியே. கணக்கைச் சரியா எழுதுய்யா. இந்த விஷயத்துல போய்த் தப்பா எண்ணினா மானம் போயிடும்." விசைகள் தட்டும் ஓசை. "ஒப்புதல் போட்டாச்சு. புதன்கிழமை வரப்போற வசவுல பாதி உனக்கு. எங்கம்மாவைப் பத்தினதெல்லாம் உங்கம்மாவுக்கு அனுப்பிடறேன்."

அழைப்பு முடிந்தது. ஏப் எம்மெட்டின் தட்டில் இரண்டாவது பன்னை வைத்தார். வந்ததிலிருந்து அவர் காட்டிய முதல் அன்பு அது.

வெர்னா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எம்மெட்டுக்கு அது ஏன் என்று தெரிந்தது.  வெர்னாவே சொன்னார்.

"அப்ப என் பதினெட்டாயிரம் வருஷமும் போச்சு."

"தெரியல" என்றார் எம்மெட். "அந்த இலக்கமெல்லாம் இருந்திருந்தா உங்க கல் எங்க போயிருக்கும்னு யாருக்கும் தெரியாது. அவங்க சொல்றதே சரியா இருக்கலாம்."

"இருக்கும். விடுமுறை நாளெல்லாம் அவங்களோடதானே ஒத்துப்போச்சு." கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "ஆறு வருஷம், மிஸ்டர் கோவல்சக். அந்த ரெண்டு கல்லுக்கும் பேர்கூட வெச்சிருந்தேன்."

எம்மெட் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தார். சொல்ல ஏதாவது நகைச்சுவை கிடைக்குமா என்று தேடினார், வழக்கமாகக் கிடைக்கும். அன்று கிடைக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க" என்றார். உலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெர்னா தலையை அசைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மாநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் தட்டத் தொடங்கினார். எழுத எழுத வாய்விட்டுப் படித்தார், வகுப்பில் பாடம் எழுதவைப்பவர் போல.

"என் கணக்கு முறையில் பிழை இல்லை. பிழை நூலகத்தினுடையது, அவர்களுடைய அறிவிப்பை இணைத்திருக்கிறேன். சரியான விடை என்னவென்று எனக்கு இப்போது தெரியாது. என் பழைய முடிவு தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் நாளிலிருந்து மறுபடி கணக்கிடுகிறேன். ஆறு வருடமாகப் பல தொடக்கங்களிலிருந்து போட்டதில் முக்கியமான ஒன்றை மட்டும் நிறுத்தாமல் ஓட்டினால் ஒன்பது வாரம் ஆகும். ஆகவே வாபஸ் வாங்கவில்லை. மே மாதம் வந்து, எது வந்ததோ அதைச் சொல்கிறேன்."

"நிறுத்தாம ஓட்டினாவா?" என்றார் ஏப். "அப்ப ஒன்பது வாரம் நாம எங்க சாப்பிடறது?"

"மேசையோட இந்த முனையில."

வெர்னா கடிதத்தை அனுப்பினார். அப்புறம் கணக்கை முதல் நாளில் கொண்டுபோய் வைத்து, தொடங்கும் விசையை அழுத்தினார். விசிறி இரைந்தது. எம்மெட் கோட்டை எடுக்க எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் வெர்னா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல் எண் கோப்புல விழட்டும், இருந்து பார்த்துட்டுப் போங்க. உங்க பெருக்கல்தான் மெதுவாச்சே, நிறைய நேரம் இருக்கு. ஏப், அவருக்கு இன்னும் கொஞ்சம் காபி குடுங்க."